மடியில் இருப்பது எது? – விலையில்லா மடிக்கணினியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

குற்றாலத்துக்கு எழுத்தாளர்கள் வந்துபோவது புதிதல்ல. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார். கலாப்ரியா நடத்திய கவிதைப் பட்டறைகளைப் பற்றி மூத்த நண்பர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். சாரல் விழுந்தால் அருவியில் குளிப்பது, பிறகு விடிய விடியக் கோட்பாடு பேசுவது என்பது நம் சிறுபத்திரிகை மரபின் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அப்படியொரு ராத்திரியில், பேச்சு எங்கெங்கோ சுற்றி அரசுப் பள்ளிகளில் வந்து நின்றபோது நண்பர் ஒருவர் சொன்னார்: “லேப்டாப்பக் குடுத்து ஒரு தலைமுறையையே கெடுத்தாச்சு. படம் பாத்ததத் தவிர என்னத்தக் கிழிச்சாங்க?” நல்ல வாசகர், இயக்க வேலைகளில் நெடுங்காலம் இருந்தவர். யாரும் அவரை மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அந்தத் தலைமுறையில் நானும் ஒருத்தி என்பதைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அதே மேடையில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் கொடுக்கப்பட்டன. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் என்று படிக்கும் பிள்ளைகளுக்கு எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அடுத்த எட்டு ஒன்பது வருஷங்களில் நாற்பது லட்சத்துக்கும் மேல் கைமாறின. அந்த முதல் வருஷத்தில் தென்காசிப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை லட்சம் வீடுகளுக்குள் ஒரே மாதிரியான ஒரு பொருள் நுழைந்திருக்கிறது. அதை நம் விமர்சனம் எப்படி வாசித்தது? ஏறக்குறைய வாசிக்கவே இல்லை என்பதுதான் என் வாதம். தேர்தல் லஞ்சம் என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டோம். அப்படி முடித்துக்கொண்டதற்கு ஒரு விலை இருந்தது. அதை நாம் கொடுக்கவில்லை, பள்ளிப் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

2

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 2006-இல் தி.மு.க. அரசு கொடுத்தது ‘இலவச’ வண்ணத் தொலைக்காட்சி. 2011-இல் அ.தி.மு.க. அரசு கொடுத்ததோ ‘விலையில்லா’ மடிக்கணினி. இலவசம் என்பதில் கையேந்தும் தொனி இருக்கிறதென்று சொல்லை மாற்றினார்கள். ஆனால் கொடுப்பவர், வாங்குபவர் என்ற அமைப்பு மாறவில்லை. கணினியின் மூடியில் முதலமைச்சர் முகம், பையிலும் அதே முகம். தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமான காட்சியல்ல. பாடாண்திணை என்று நாம் வகுப்பில் படித்ததுதான். புரவலரின் புகழைப் பாணர் பாடிச் சுமந்தார். இங்கே பிளஸ் டூ பிள்ளை தோளில் மாட்டிச் சுமந்தது.

கொடை என்பது எப்போதுமே திருப்பித்தரும் கடனை உள்ளே வைத்திருக்கிறது என்று மார்சல் மாஸ் 1925-இல் எழுதினார். திருப்பித்தர முடியாதவன் கொடுத்தவனுக்குக் கீழே போகிறான். இந்தச் சட்டகத்தை வைத்துப் பார்த்தால் மடிக்கணினிக்கான திருப்பித்தரல் ஓட்டு. நம் நண்பர்கள் பலரும் மாஸைப் படித்தோ படிக்காமலோ இந்த இடத்தில்தான் வந்து நின்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை இது போயிற்று. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலை 5 அன்று வந்த தீர்ப்பு, தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. அதே சமயம் இத்தகைய வாக்குறுதிகள் நேர்மையான தேர்தலைப் பாதிக்கின்றன என்று கவலைப்பட்டு, நெறிமுறைகள் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. 2022-இல் பிரதமர் மோடி இதையே ‘ரேவடி’க் கலாச்சாரம் என்றார். ரேவடி வடக்கே விழாக்களில் கொடுக்கும் எள்ளு மிட்டாய். ஆக, இந்த ஒரு விஷயத்தில் டெல்லியும் நம் இடதுசாரி நண்பரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது எப்படி நேர்ந்தது என்று நாம் யோசித்ததுண்டா?

‘மடி’ என்ற சொல்லுக்குச் சோம்பல் என்றும் ஒரு பொருள் உண்டு. மடியின்மை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். இலவசத்தை எதிர்ப்பவர்களின் சொல்லாடலில் மடிக்கணினி என்பது சோம்பல்கணினிதான். ஏழைக்கு ஒன்று கிடைத்தால் அவன் உழைக்கமாட்டான் என்கிற இந்தக் கருத்தியல் ஒன்றும் புதுசல்ல. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோதும் ஊதாரித்தனம் என்றார்கள். இன்று அதைச் சொல்ல ஆளில்லை.

இந்த ஊர்ப் பிரதி ஒன்றிலேயே இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், ஊர் ஊராகப் போய்க் குறிசொல்லித் திரும்பிய சிங்கியின் உடம்பில் நகைகளைப் பார்க்கிறான் சிங்கன். அவனுக்கு அது நகையென்றே பிடிபடவில்லை. பாம்போ, வேறேதோ என்று மிரண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்ததென்று பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதெல்லாம் குறிசொன்னதற்குக் கிடைத்த பரிசு, அதாவது கூலி. இல்லாதவள் உடம்பில் ஒரு புதுப்பொருள் ஏறினால், அது எப்படி வந்தது என்ற கேள்விதான் முதலில் வரும்போல. மடிக்கணினியைப் பார்த்து நாம் கேட்டதும் சிங்கனின் கேள்விதான். சிங்கனாவது பதிலைக் காதுகொடுத்துக் கேட்டான்.

3

மடிக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆசாரம், தீண்டாமல் வைத்திருக்கும் சுத்தம். அக்கிரகாரத்து வழக்கு.

மடிக்கணினிக்கு முன்னால் எங்கள் பள்ளியில் கணினி எப்படி இருந்தது என்று சொன்னால் இது விளங்கும். கணினி அறை என்று ஒன்று இருந்தது. எப்போதும் பூட்டு. திறந்தாலும் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். தூசி பட்டால் கெட்டுப்போகுமாம். உறைபோட்டு மூடிய ஐந்தாறு பெட்டிகளைச் சுற்றி நாற்பது பேர் நிற்போம். ஸார் தட்டுவார், நாங்கள் பார்ப்போம். “தொடாதட்டி, கெட்டுப்போனா யாரு பதில் சொல்லுதது?” என்பதுதான் நான் கேட்ட முதல் கணினிப் பாடம். கர்ப்பக்கிரகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அறிவுக்கருவி உள்ளே, அர்ச்சகர் பக்கத்தில், நாம் வெளியே வரிசையில்.

அந்த மடியைத்தான் மடிக்கணினி உடைத்தது. இதை அரசு திட்டமிட்டுச் செய்ததென்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டுக்காகச் செய்ததாகவே இருக்கட்டும். விளைவு என்ன? பொருள் வீட்டுக்கு வந்தது. பள்ளிக்குச் சொந்தமாக அல்ல, பிள்ளைக்குச் சொந்தமாக. மார்க் எத்தனை, எந்தத் தெரு, அப்பா யார் என்று கேட்காமல் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் ஒரே பெட்டி. கையில் சாதிக் கயிறு கட்டி வரும் பழக்கம் பள்ளிகளில் வேரோடியிருக்கிற மாவட்டம் எங்களுடையது. நாங்குநேரியில் 2023-இல் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வகுப்பறைகளில் தகுதி என்ற சொல்லே இல்லாமல் ஒரு பொருள் பகிரப்பட்டது சின்ன விஷயமா?

ஒப்பிட்டுப் பார்க்க இங்கேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. அதே 2011-இல்தான் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, பயிற்சி தந்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் அதன் பயிற்சிப் பள்ளி பிறகு இங்கேயும் வந்தது. கிராமத்திலிருந்தே மென்பொருள் என்று நாடெங்கும் இதைப் பேசுகிறார்கள். அங்கே போன பிள்ளைகளுக்கு வாழ்க்கை மாறியிருக்கிறது, அதை மறுப்பது அற்பத்தனம். ஆனால் அது தேர்வு. வாசல் உண்டு, வாசலில் பரீட்சை உண்டு. ஒரு நிறுவனம் வேறு மாதிரி நடக்கவும் முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரின் கதை நமக்குச் சாதனையாகத் தெரிகிறது. தேர்ந்தெடுக்கப்படாமலே எல்லோருக்கும் கிடைத்தது மட்டும் சீரழிவாகத் தெரிகிறது. இந்தப் பார்வைக் கோளாறு யாருடையது?

4

மடிக்கு மூன்றாவது பொருள்தான் நேர்ப்பொருள். உட்கார்ந்தால் உண்டாகும் மடி.

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், முக்கூடல் என்று இந்தப் பக்கத்துப் பெண்களின் மடியில் என்ன இருக்குமென்று தெரியாதவர்கள் இருக்கமுடியாது. பீடித்தட்டு. சொளவு என்றும் சொல்வோம். நனைத்த இலையைத் தகர அளவு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப்போடுவது. எங்கள் அம்மா சுற்றினாள். ஆச்சி சுற்றினாள். நான் ஏழாவது படிக்கும்போது தலைமடக்கப் பழகினேன். வேலை அவ்வளவும் மடியில் நடந்தாலும் பலன் மடிக்கு வருவதில்லை. 1966-இல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவள் தொழிலாளிதான் என்பதை நிரூபிக்க ஒரு பாஸ்புக்குக்காக அலைந்த கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஒருத்தி பேரில் பாஸ்புக், மூன்று பேர் சுற்றுவார்கள். சின்னப்பிள்ளை சுற்றும் பீடி கணக்கில் எங்கும் இருக்காது.

அந்த மடியில்தான் இந்தப் பெட்டி வந்து உட்கார்ந்தது. அம்மா தட்டை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள். “ஏளா, இது யாரு பேர்ல குடுத்திருக்காவ?” என்று கேட்டாள். என் பேரில்தான் என்றேன். எங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை பேரில் கையெழுத்துப்போட்டு வாங்கிய முதல் பொருள் அது. ரேஷன் கார்டு அப்பா பேரில், பாஸ்புக் அம்மா பேரில், மடிக்கணினி என் பேரில். வர்க்கம், பால், உடைமை என்று நாம் கட்டுரைகளில் எழுதுகிற சொற்களெல்லாம் எனக்கு அன்றைக்கு அந்தக் கேள்வியில்தான் அறிமுகமாயின.

இங்கே எதையும் அழகுபடுத்திச் சொல்ல விருப்பமில்லை. பேர் என்னுடையதாக இருந்தாலும் கை அண்ணனுடையதாகத்தான் பெரும்பாலும் இருந்தது. அவன் கொண்டுபோய்த் தென்காசியில் பாட்டும் படமும் ஏற்றிக்கொண்டு வந்தான். விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று நம் நாட்டிலேயே செய்த கட்டற்ற இயங்குதளமும் அதில் இருந்தது. அது எதற்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. படம் ஏற்றுகிற கடையில் இடம் போதவில்லை என்று அதைத் துடைத்துவிட்டார்கள். உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அரசுக் கணினிகளில் லினக்ஸ் என்று ஒரு முயற்சி நடந்தது. மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதில் இருந்தது. மாணவர் கைக்கு வந்துசேர்ந்தபோது அந்தக் கேள்வி கடைக்காரரின் ஒரு சுட்டில் அழிந்தது. அரசியல் செயல்பாட்டாளர்களுக்கு இங்கே வேலை இருந்தது. நாம் போகவில்லை.

2012-இல் தமிழ்நாடே இருட்டில் கிடந்ததை மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிநேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே எங்கள் ஊர் இருண்டு கிடக்கும். அந்த ராத்திரிகளில் மடிக்கணினித் திரை வெளிச்சத்தில் அம்மா பீடி கட்டினாள், நான் பரீட்சைக்குப் படித்தேன். நூறு ரூபாய் எமர்ஜென்சி லைட் செய்கிற வேலை என்று சிரிக்கலாம். ஆனால் கணினிப் பயன்பாடு என்று கல்வித்துறை கணக்கெடுத்தால் இது எந்தக் கட்டத்தில் வரும்? படம் பார்த்தோம் என்கிறீர்கள். ஆமாம், பார்த்தோம். ஆயிரம் பீடி முடித்துவிட்டு நாலு வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு, தாங்கள் கேட்ட படத்தைத் தாங்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். டி.கே.சி. கவிதையை அனுபவித்தால் ரசனை, இவர்கள் படத்தை அனுபவித்தால் சீரழிவா?

குறை எங்கே இருந்தது என்றால் பள்ளியில். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததைக் கொண்டாடுகிறோம். முல்லைக்கு எதுக்குத் தேர்? ஒரு கொம்பு நட்டால் படர்ந்திருக்கும். மடிக்கணினி பள்ளிப் படிப்பு முடியப்போகும் நேரத்தில் வந்தது. பாடத்தில் அதற்கு இடமில்லை, பரீட்சையில் அதற்கு இடமில்லை, ஆசிரியருக்கு அதற்கான பயிற்சியில்லை. வகுப்புக்குக் கொண்டுவராதே என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். தேர் வந்தது, கொம்பு வரவில்லை.

இது நம்மூர்ப் பிழை மட்டுமல்ல. நெக்ரோபோன்டே 2005-இல் நூறு டாலர் மடிக்கணினி என்று உலகத்துக்கு அறிவித்தார். குழந்தைக்கு ஒன்று, சொந்தமாக. ஆசிரியர் இல்லாவிட்டாலும் குழந்தை தானே கற்கும் என்பது அவருடைய நம்பிக்கை. இந்திய மனிதவள அமைச்சகம் 2006-இல் அதை வேண்டாமென்றது. பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கியது. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் கூடியதற்குச் சான்றில்லை என்று தெரிந்தது. இதை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா என்பவர்கள் அதே ஆய்வின் இன்னொரு தகவலைச் சொல்வதில்லை. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. அங்கேயும் பூட்டிய அறைதான். கருவி மட்டும் போதாது என்பது உண்மை. ஆகவே கருவி வேண்டாம் என்பது அதிலிருந்து வருகிற முடிவல்ல. கொம்பு நடவில்லை என்பதற்காக முல்லையை யாராவது பிடுங்கிப்போடுவார்களா?

நான் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது என் ஆய்வேட்டை அந்தப் பெட்டியில்தான் அடித்தேன். பேட்டரி செத்து, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும் நிலையில் இருந்தது. காசு கொடுத்து டைப் அடிக்கப் போகாமல், வழிகாட்டி திருத்திய இடத்தையெல்லாம் நானே எட்டுத்தடவை மாற்றிக்கொள்ள முடிந்தது. எழுத்து என்பது திருத்தி எழுதுவது என்று நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். இந்தப் பத்தியை நீங்கள் படிப்பதும் அதன் தொடர்ச்சிதான்.

5

மாஸின் சட்டகம் உடைந்த ஓர் இடமும் உண்டு. 2019-இல் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பள்ளியை விட்டுப்போன பிள்ளைகள் திரும்பிவந்து பள்ளி வாசலில் உட்கார்ந்தார்கள், சாலையை மறித்தார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கொடுக்கிறீர்கள், 2017–18-இல் படித்த எங்களுக்கு எங்கே என்று கேட்டார்கள். நாளிதழ்கள் இதை உள்ளூர்ச் செய்தியாகப் போட்டு முடித்தன. யோசித்துப் பாருங்கள். கொடையை யாராவது மறியல் செய்து கேட்பார்களா? புரவலர் தரவில்லையென்றால் பாணர் வேறு ஊருக்குப் போவார். மறியல் செய்கிறவர் பாணரல்ல. மூடியில் யார் முகம் இருந்தால் என்ன, இது எனக்குச் சேரவேண்டியது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னபோது கொடை உரிமையாக மாறிவிட்டது. எந்தக் கோட்பாட்டாளரும் அவர்களுக்கு இதைக் கற்றுத்தரவில்லை. அவர்களுக்கு ஆதரவாக நம் பத்திரிகைகளில் ஒரு பக்கம்கூட வரவில்லை. லஞ்சம் என்று ஏற்கெனவே தீர்ப்பெழுதிவிட்டோமே, லஞ்சம் வரவில்லை என்று போராடுகிறவரை எப்படி ஆதரிப்பது?

அதன் விளைவை 2020-இல் பார்த்தோம். மார்ச்சில் பள்ளிகள் மூடின. பாடம் கல்வித் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் போனது. பள்ளிப் பிள்ளை ஒவ்வொருத்தர் வீட்டிலும் ஒரு கணினி இருந்தே ஆகவேண்டிய காலம் அது. அந்தக் காலத்தில்தான் பள்ளிகளுக்கு மடிக்கணினி வருவது நின்றது. கொரோனா, சிப் தட்டுப்பாடு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. காரணங்கள் தீர்ந்தபிறகும் அது பள்ளிக்குத் திரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்குப் பள்ளி ஒழுங்காகத் திறக்க 2021 செப்டம்பர் ஆயிற்று. அதற்குள் எங்கள் தெருவில் எத்தனை பெண்பிள்ளைகளின் மடிக்குத் தட்டு திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா கைபேசியை வேலைக்கு எடுத்துப்போனால் அன்றைக்குப் பாடம் இல்லை. பாடம் இல்லாவிட்டால் பீடி.

உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அது மறுபடியும் அறை, மறுபடியும் சாவி. 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி என்று அறிவித்தது. 2026 தொடக்கத்தில் கொடுக்கவும் தொடங்கினார்கள். வரவேற்கலாம். ஆனால் கல்லூரி வாசல் வரை வந்துசேராத பிள்ளைக்கு? பிளஸ் டூவோடு பீடித்தட்டுக்கும், குற்றாலம் சீசனில் பழக்கடைக்கும் எண்ணெய் தேய்க்கிற வேலைக்கும் போய்விடுகிற பிள்ளைக்கு? 2011-இல் தகுதி கேட்காமல் கொடுத்தது இப்போது ஒரு படி மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இந்த நகர்வைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

மூடியில் படம் ஒட்டிய அரசியலை விமர்சிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படத்தைக் கிழிப்போம், பெட்டியை விடவேண்டாம் என்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலேயே வேண்டும், பாடத்தோடு வேண்டும், பழுதுபார்க்கப் பக்கத்தில் ஆள் வேண்டும், பிள்ளை பேரில் வேண்டும், வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்பதுதான் விமர்சனம். எதிர்ப்பதற்குச் செலவிட்ட மையில் பாதியை இப்படிக் கேட்பதற்குச் செலவிட்டிருந்தால் 2020-இல் அதை அவ்வளவு லேசாக நிறுத்தியிருக்க முடியாது.

அந்தப் பழைய பெட்டி இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. திறந்தால் ஓடாது. “சவத்தத் தூக்கி எடைக்குப் போடேம்ளா” என்கிறாள் அம்மா. போடவில்லை. அடுத்த முறை குற்றாலத்தில் சாரல் பிடித்து நண்பர்கள் கூடும்போது அதைக் கொண்டுபோய் நடுவில் வைக்கலாம் என்றிருக்கிறேன். பேச்சை அதிலிருந்து தொடங்குவோம்.